கல்பனா சாவ்லாவுக்கு ஓர் இசைப்படைப்பு: முழு வாழ்க்கையா, எட்டரை நிமிடமா?

கல்பனா சாவ்லாவை வைத்து இசையமைக்க நினைப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாழ்க்கையை வரிசையாகச் சொல்வது: பிறந்த ஊரான கர்னால், சண்டிகரில் விமானப் பொறியியல், 1982இல் அமெரிக்கா, 1994இல் நாசா தேர்வு, 1997இல் முதல் விண்வெளிப் பயணம், 2003இல் கடைசிப் பயணம். பாடல் வரிகளோடு, பல பகுதிகளாக வரும் படைப்புக்கு இது பொருந்தும், ஒரு சிறு மெட்டைச் சிறுமிப் பருவத்தில் தொடங்கி வளர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. கொலம்பியா விண்ணோடம் சிதறிய அந்த 2003 பிப்ரவரி 1 எல்லாவற்றையும் சோகத்தின் பக்கம் இழுத்துவிடும், அவருடைய ஆசை பின்னுக்குப் போய்விடும். அதுதான் என் கவலை.

இன்னொன்று, 1997இன் ஏவுதலை மட்டும் எடுத்துக்கொள்வது. விண்ணோடம் சுற்றுப்பாதையை எட்ட ஏறக்குறைய எட்டரை நிமிடம், ஓர் இசைத்துண்டுக்கென்றே அளந்து வைத்த நேரம்! முதல் இரண்டு நிமிடம் திட எரிபொருள் ராக்கெட்டுகளின் கடும் அதிர்வு, அங்கே தாளவாத்தியங்களை முழுசாக அவிழ்த்துவிடலாம். அவை கழன்றதும் அதிர்வு அடங்கும், ஆனால் வேகம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் உடல் மூன்று மடங்கு எடையாக அழுத்தும், அதனால் வயலின்கள் சத்தத்தைக் கூட்டாமல் இறுக்கத்தை மட்டும் கூட்டவேண்டும். அப்புறம் என்ஜின் நிற்கும். எடையே இல்லை. அங்கே தாளத்தை எடுத்துவிட்டு, சுருதியின் மேல் ஒரே குரல், சொல் இல்லாமல்.

நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சரி, கர்னால் சிறுமி எங்கே என்றால், அந்தக் குரலின் மெட்டை ஏவுதலுக்கு முன்பே புல்லாங்குழலில் ஒருமுறை வாசித்துவிட்டால் போதும். பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்கென்றால் மட்டும் முதல் வழி.