குப்பை பொறுக்கலா, ஆமை முட்டைக் காவலா?

கடற்கரையைக் காக்கும் வேலையில் ஊர்ப் பசங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் சொல்வது ராமநாதபுரம் பக்கமுள்ள அரியமான் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்குவதைத்தான். சரி, சுலபம். சாக்கும் கையுறையும் போதும், 50 பேர் வந்து போட்டோ எடுப்பார்கள், அடுத்த வாரம் பத்துப் பேர் தேறுவது கஷ்டம் (அலை புதுக் குப்பையைக் கொண்டுவந்திருக்கும், அது வேறு).

தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமை) முட்டை தேடுவது அப்படியில்லை. ஜனவரி தொடங்கிச் சில மாதம், விடியுமுன் வனத்துறை ஆட்களோடு மணலில் தடம் பார்த்து நடக்க வேண்டும், தூக்கம் போகும், கூட்டமாகவும் போக முடியாது. ஆனால் ஒரு குழியில் சுமார் 100 முட்டை கிடைத்து, பொரிப்பகத்தில் (முட்டைகளைக் காவலோடு பொரிக்க வைக்கும் இடம்) வைத்துவிட்டால், ஏறக்குறைய 50 நாள் கழித்துக் குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைப் பார்க்காமல் எந்தப் பையனும் விலக மாட்டான். பெண்பிள்ளைகளை அந்த நேரத்துக்கு வீட்டில் விடுவார்களா என்பதுதான் சிக்கல். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.