குளிர்காலத்துக்கு கிளைடரை ஒப்படைக்கப் போகிறீர்களா? "எலி புகாது" என்று விற்கப்படும் பேக்கேஜைப் பற்றி ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் கிளைடர் (பொதுவாக இன்ஜின் இல்லாத விமானம்) வைத்திருக்கும், அல்லது கிளப்பில் பங்கு வாங்கப்போகும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம். குறிப்பாக நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதி போல நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனி பெய்யக்கூடிய ஊர்களில் இருப்பவர்களுக்கு.

அங்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் குளிர்காலக் காப்பு என்று டிரெய்லர்களை (இறக்கை கழற்றிய கிளைடரை வைத்துப் பூட்டும், மூடி போட்ட வண்டி) பொறுப்பேற்று வைக்கிறார்கள். இடத்துக்கான வாடகை தனி. அதற்கு மேல் 240 டாலர் கொடுத்தால் "முழு எலித் தடுப்பு". எங்களிடம் நவம்பர் முதல் வாரம் பணம் வாங்கினார்கள், ஏப்ரல் கடைசியில் சாவியைக் கொடுத்தார்கள். டிரெய்லரைத் திறந்ததும் முதலில் வந்தது மூத்திர வீச்சம். இருக்கைப் பஞ்சு பாதி காணோம். விமானியின் தோளில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையின் ஓரம் கொறித்திருந்தது. காற்று வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயில் மூன்று இடத்தில் பல் தடம். இடது இறக்கை உடலோடு சேரும் வேர்ப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே, ஏலிரானை (கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) அசைக்கும் புஷ்ராட் கம்பியைச் சுற்றி இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் கூடு. அதற்கும் அப்பால் ஒரு செத்த சுண்டெலி.

அந்த 240 டாலருக்கு அவர்கள் செய்தது நான்கு வேலை: ஒரு அல்ட்ராசானிக் கருவி, ஓட்டைகளில் ஸ்ப்ரே ஃபோம், புதினா எண்ணெய் ஊறிய பொட்டலங்கள், டிரெய்லருக்குள்ளேயே விஷக் கட்டிகள். நான்கில் ஒன்றுகூட எலியை வெளியே நிறுத்தாது. இரண்டு, இருக்கிற கேட்டை இன்னும் பெரிதாக்கும்.

அல்ட்ராசானிக் கருவியை முதலில் பார்ப்போம். நம்மவர்கள் வீட்டுக்கும் காருக்கும் அதிகம் வாங்குவது இதைத்தான். அந்த ஒலி திடப்பொருளை ஊடுருவாது. இறக்கை, மெத்தை, துணி உறை எது குறுக்கே வந்தாலும் அங்கேயே நின்றுவிடும். காற்றிலும் சில மீட்டரில் தேய்ந்துபோகும். ஒலி படுகிற இடத்திலும் எலி சில நாளில் பழகிக்கொள்ளும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே இந்தக் கருவிகளைச் செய்பவர்களும் விற்பவர்களுமாக 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் சான்று இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே கூடுதலாக ஒரு கேடும் நடந்தது. கருவியை கிளைடரின் சொந்த பேட்டரியிலேயே மாட்டிவிட்டார்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. கருவி இழுப்பது 25 மில்லி ஆம்பியர். கணக்குப் போட்டால் 280 மணி நேரம், அதாவது பன்னிரண்டு நாள்கூட இல்லை. நவம்பர் பாதியிலேயே கருவி செத்துவிட்டது. சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். கடும் குளிர் வேண்டாம், சாதாரண உறைபனியிலேயே அது உறைந்து பெட்டி விரியும். விரிந்தது. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைப்பதுதான் முறை என்பது கிளைடர் தெரிந்த எவருக்கும் தெரியும்.

ஸ்ப்ரே ஃபோம் எலிப் பல்லுக்கு ரொட்டி மாதிரி. ஓரிரவில் துளைத்துவிட்டு, உதிர்ந்த தூளைக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், டிரெய்லர் தரையில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் ஓட்டைகளையும் அதே ஃபோமால் அடைத்திருந்தார்கள். உள்ளே வேர்த்து வடிகிற நீர் வெளியேற வழியில்லாமல் தரையிலேயே ஐந்து மாதம் நின்றது.

புதினா பொட்டலம் சில நாளில் வாசம் போய் வெறும் துணியாகிவிடும்; எலிக்குக் கூடு கட்ட அதுவும் ஆகும். "பாச்சை உருண்டை போடலாமே" என்று சிலர் கேட்பார்கள். கிளைடர் பக்கத்தில் கூடவே கூடாது. பாராடைகுளோரோபென்சீன் வகை உருண்டையின் ஆவி பாலிஸ்டைரீன் நுரையை இளக்கும். எந்த நுரை எந்த இறக்கைக்குள் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு யாரும் உருண்டை போடுவதில்லை. பாராசூட்டுக்கும் அந்த ஆவி ஆகாது.

நான்காவது, விஷம். இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. இரத்தம் உறையவிடாமல் செய்யும் வகை விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அந்த நாட்களில் அது கதகதப்பான, இருட்டான இடுக்கைத் தேடிப் போய்ப் படுக்கும். டிரெய்லருக்குள் அப்படிப்பட்ட இடம் இறக்கையின் உட்புறமும் வால் குழாயும்தான். அங்கே செத்து அழுகினால் கை நுழையாது, கம்பி நுழையாது. இறக்கைத் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்னும் ஆந்தைக்கும் வல்லூறுக்கும் விஷம் ஏறும். டிரெய்லருக்குள் விஷம் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும், அந்த இடத்தில் உங்கள் கிளைடரை விடாதீர்கள்.

இது ஏதோ மெத்தை கிழிந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. புஷ்ராடைச் சுற்றி இருக்கும் கூடு தரையில் அசைத்துப் பார்க்கும்போது வழிவிடும். பறக்கும்போது நகர்ந்து, புஷ்ராடின் திசையை மாற்றும் பெல்கிராங்க் முனையில் சிக்கினால் ஏலிரான் நின்றுவிடும். வால் துடுப்புக்குள் கட்டிய கூடு சில நூறு கிராம்தான், ஆனால் அது ஈர்ப்பு மையத்திலிருந்து நாலு மீட்டர் பின்னால் உட்கார்ந்து சமநிலையைக் கெடுக்கும். கொறித்த பிட்டோ குழாய் வேகமானியைப் பொய் சொல்ல வைக்கும். எலி மூத்திரத்தின் உப்பும் அம்மோனியாவும் அலுமினியக் கம்பியை வெள்ளைத் தூள் பூக்க அரித்துக் குழி போடும். கூட்டுக்கு அடியில் ஈரம் காயாமலே இருப்பதால் அரிப்பு வசந்தம் வரை நிற்காது. பழைய மரக் கிளைடர் என்றால் இன்னும் கஷ்டம். கேசீன் பசை பாலின் புரதம், எலிக்கு அது தீனி.

சரி, எதற்குக் காசு கொடுக்கலாம்? ஓட்டையை உலோகத்தால் அடைப்பதற்கு மட்டும். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டு ஒரு இடுக்கில் நுழைந்தால், சுண்டெலியும் நுழையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து "சின்ன ஓட்டைதானே" என்று முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு டிரெய்லருக்குள் நல்ல வெளிச்சமான விளக்கை வைத்து மூடியை இறக்குங்கள். இரண்டு பேர் சுற்றி வந்து, ஒளி கசியும் ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தரையில் படுத்து அடிப்புறத்தையும் பாருங்கள். வழக்கமாகத் தப்பிவிடும் இடங்கள்: மூடி கீல் மாட்டியிருக்கும் முன் மூலைகள், இறுகிப்போன ரப்பர் சீலின் சந்திப்பு, பின்கதவு சாய்தளத்தின் அடி, விளக்கு ஒயர் நுழையும் துளை, சக்கர வளைவின் உட்புறம், இழுவைச் சட்டத்தின் திறந்த குழாய் முனை. கடைசியாகச் சொன்னதில் ஒளி தெரியாது. குழாய்க்குள் புகுந்து வேறெங்கோ தரைக்குள் வெளிப்படும். ஆகவே முனையைத் தனியாக மூடுங்கள்.

நேரான நீள இடுக்குக்கு அலுமினிய ஆங்கிள் வைத்து 50 மில்லிமீட்டருக்கு ஒரு பாப் ரிவெட். காற்றுப் போக்கிகளையும் தண்ணீர் ஓட்டைகளையும் அடைக்கவே கூடாது. 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் உள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி வலையை உள்பக்கமிருந்து எபாக்சி வைத்து ஒட்டுங்கள். சாதாரண இரும்புக் கம்பளி துருப்பிடித்து ஜெல்கோட்டில் (கிளைடரின் மேற்பூச்சில்) கறை விடும், அதன் இழை பேரிங்குக்குள்ளும் போகும். செம்பு வலை நல்லது என்று பல இடங்களில் படிப்பீர்கள். வீட்டுச் சுவருக்குச் சரி, அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியத்தை அது அரிக்கும். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும்.

எந்த மாதம் செய்கிறோம் என்பதும் முக்கியம். இரவு குளிரத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே எலி இடம் தேடும். நவம்பரில் அடைத்தால் உள்ளே இருப்பதை உள்ளேயே பூட்டியதாகும். இங்கே அதுவும் நடந்திருக்கலாம். சுண்டெலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. அடைக்கும் முன் டிரெய்லர் தரையில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஒரு சுண்டெலி நாளுக்கு ஐம்பது புழுக்கைக்குக் குறையாமல் போடும், ஆகவே ஒன்று இருந்தாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

டிரெய்லர் முதல் வேலி. கிளைடர் இரண்டாவது. அதில் அடைக்க வேண்டிய இடங்கள்: மூக்கில் காற்று நுழையும் துளை, அடிவயிற்றில் இழுவைக் கயிறு மாட்டும் டோ ஹூக் வாய், சக்கரக் கதவு இடுக்கு, உடலில் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் முக்கியச் சட்டம்) நுழையும் வழியும் புஷ்ராட் துளைகளும், இரு இறக்கையின் வேர் விலா (உடலோடு சேரும் முனை), துடுப்பு உச்சியில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் இணைப்புத் துளை. வேர் விலாவுக்கு 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அதே வடிவில் வெட்டி, ஓரத்தில் துணி டேப் சுற்றி, இறக்கையை உடலோடு இணைக்கும் பின்னில் (pin) மாட்டுவது எங்களுக்குத் தெரிந்தவரை மிக உறுதியான வழி. இறக்கையிலிருந்து எழும் ஏர்பிரேக் தகட்டை உள்ளே தள்ளிப் பூட்டியே வையுங்கள். வைக்கும் ஒவ்வொரு அடைப்புக்கும் எண் எழுதுங்கள், சிவப்பு நாடா கட்டுங்கள், எத்தனை வைத்தோம் என்று லாக் புத்தகத்தில் குறித்துவிடுங்கள். பன்னிரண்டு போனால் பன்னிரண்டு வெளியே வரவேண்டும். புஷ்ராட் துளையில் மறந்துபோன அடைப்பு எலிக் கூட்டைவிட ஆபத்து.

பாராசூட், மெத்தை, துடைக்கும் துணி, ஆக்சிஜன் குழாய், தின்பண்டத் துணுக்கு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பாராசூட்டை எப்படியும் அதை மடித்துத் தருபவரிடம் கொடுக்க வேண்டிவரும். அமெரிக்க விதிப்படி நைலான் பாராசூட் 180 நாளுக்குள் மடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

நிறுத்துகிற இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: வைக்கோலும் சோளமும் குவிந்த கொட்டகை வேண்டாம். சுற்றி இரண்டு மீட்டர் புல் வெட்டியிருக்க வேண்டும். தரையைத் தொடும் வாரும் உறையும் எலிக்கு ஏணி. பனி குவிந்து மூடி மட்டம் வரை வந்தால் தள்ளிவிட வேண்டும். எலி பனிக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு வரும்.

பொறி வைப்பதில் தவறில்லை, ஆனால் அடித்துக் கொல்லும் சாதாரணப் பொறிதான். சுவரை ஒட்டி, இரை வைத்த முனை சுவரைப் பார்க்க, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று. பட்டாணி அளவு கடலை வெண்ணெய் போதும். பெரும்பாலானவை டிரெய்லருக்கு வெளியே. உள்ளே இரண்டு, அவை வேவு பார்க்க. அதில் எலி விழுந்தால் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பொறிகளைக் கயிறு கட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை பார்க்க ஆள் இல்லாவிட்டால் பொறியும் வீண்.

ஏற்கெனவே புகுந்திருந்தால், துடைப்பத்தையோ வாக்குவம் கிளீனரையோ தொடாதீர்கள். அமெரிக்கக் காட்டுச் சுண்டெலிகள் சிலவற்றின் எச்சத்தில் ஹன்டா வைரஸ் இருக்கலாம், காய்ந்த தூசியை மூச்சில் இழுத்தால் தொற்றும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். கையுறை, முகக் கவசம் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் எடுங்கள். இது டிரெய்லர் தரைக்கு மட்டும். பிளீச் அலுமினியத்தை அரிக்கும், பட்டையைக் கெடுக்கும். காக்பிட்டிலும் கம்பிகளிலும் குளோரின் இல்லாத கிருமிநாசினியைப் பயன்படுத்தி, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள்.

இறக்கைக்குள் போன் கேமரா எட்டாது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் குழாய்க் கேமராவை வேர் முதல் நுனி நோக்கி விட்டுப் பார்க்க வேண்டும். இறக்கை, வால் குழாய், துடுப்பு மூன்றையும் பார்த்து, பிட்டோ ஸ்டேட்டிக் (வேகமானிக்கும் உயரமானிக்கும் காற்றழுத்தம் தரும் குழாய்கள்) கசிவுச் சோதனையும் முடித்து, கிளைடர் அனுபவமுள்ள மெக்கானிக் கையெழுத்துப் போடும்வரை பறக்காதீர்கள். பட்டையில் ஒரு இழை கொறிபட்டிருந்தாலும் பட்டையை மாற்றுங்கள், தைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நாங்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். "எலித் தடுப்பு" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டோம். என்ன பொருள், எந்த ஓட்டை, யார் எப்போது பார்ப்பது என்று எதுவும் எழுத்தில் இல்லை. உள்ளே விஷம் வைக்கக் கூடாது, ஃபோம் அடிக்கக் கூடாது, மாதம் ஒரு முறை திறந்து தேதியோடு படம் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும் நாளில் வேர் விலாவையும் இருக்கையையும் பட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை வசந்தத்தில் திறந்து பார்த்த பிறகே கொடுங்கள். கிரெடிட் கார்டு பில்லில் தவறு என்று எழுத்துமூலம் ஆட்சேபிக்க அமெரிக்கச் சட்டம் தரும் 60 நாள், நவம்பரில் கட்டிய பணத்துக்கு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முடிந்துவிடும். அதுவரை டிரெய்லர் பனிக்குள் பூட்டித்தான் கிடக்கும்.

கேட்டதற்கு, "எலி என்றால் எலிதான், இயற்கை" என்றார்கள். அடுத்த குளிர்கால வாடகையில் பாதி தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. 240 டாலர் இன்னும் திரும்பவில்லை. இடது இறக்கை பட்டறையில் இருக்கிறது.