ஈஸ்ட் ஹாமில் மூன்று கிழமைகள்

திருமணமாகி ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்ட பின்னரும், "ஊருக்குப் போகிறேன்" என்று நான் சொல்லும்போது மனத்தில் எழுவது லண்டன் ஈஸ்ட் ஹாம்தான். படித்ததும் முதல் சம்பளம் வாங்கியதும் அங்கேதான். அம்மா காலமான பிறகு 81 வயதான அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். 2025 ஆகஸ்டில் கணவரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மூன்று கிழமைகள் அவருடன் தங்கிவிட்டு வந்தேன். அப்பாவைப் போன்ற ஒருவர் அன்றாடம் நம்பியிருக்கும் சேவைகளை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இம்முறை எதிர்பாராத விதமாகக் கிடைத்ததால் இதை எழுதுகிறேன்.

பயணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கனேடியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு 2025 ஜனவரி முதல் முன்கூட்டிய மின்னணு அனுமதி கட்டாயமாகிவிட்டது. நாங்கள் போனபோது ஆளுக்கு 16 பவுண், இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் ரயிலில் ஏறி, வைட்சப்பலில் இறங்கி, மேடை மாறாமல் அங்கேயே நின்று அடுத்த ரயிலைப் பிடித்தால் ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்துள்ள மனர் பார்க் வந்துவிடுகிறது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறித் தவித்த பழைய நாட்களை எண்ணிப் பார்த்தால் இது பெரிய ஆறுதல். 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுடன் போகிறவர்கள், லண்டன் ரயில், பஸ் கட்டணத்துக்கான ஓய்ஸ்டர் அட்டையில் இளம் பயணிகளுக்கான சலுகையைப் பதிந்து தருமாறு நிலைய ஊழியரிடம் கேளுங்கள். 14 நாட்கள் வரை அரைக் கட்டணந்தான்.

நான்காம் நாள் காலையில் அப்பா சட்டையைக் கழற்றி, "பிள்ளை, இதை ஒருக்கால் பார்" என்றார். முதுகிலிருந்து வலது விலாவரை பட்டி கட்டியதுபோலச் சிவந்து, சிறு சிறு கொப்புளங்கள். முந்தின நாளே எரிவு தொடங்கிவிட்டதாம்; நாங்கள் வந்திருக்கிற நேரத்தில் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று இருந்துவிட்டார். அம்மா இருந்திருந்தால் பார்த்தவுடனேயே அக்கி என்று சொல்லியிருப்பார். காலை எட்டு மணிக்கு அவருடைய குடும்ப மருத்துவரின் நிலையத்துக்கு அழைத்தோம். வரிசையில் இருப்பதாக ஒலிப்பதிவு சொல்லிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பேசக் கிடைத்தபோது அன்றைய இடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்றார்கள். செயலி வழியாகவும் கேட்கலாம் என்றார்கள். அப்பாவின் கைப்பேசியில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் பக்கத்தில் இல்லாத நாளில் அவர் என்ன செய்வார் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

வழி காட்டியவர் மச்சாள். 2024 ஜனவரி இறுதியிலிருந்து இங்கிலாந்தில் ஏழு வகையான சிறு நோய்களுக்கு, மருத்துவரிடம் போகாமலே மருந்துக்கடையில் உள்ள மருந்தாளரே பரிசோதித்து மருந்து கொடுக்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. அக்கி அந்த ஏழில் ஒன்று. தெருமுனைக் கடைக்கு அப்பாவை மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். உள்ளே இருந்த சிறிய அறையில் இளம் மருந்தாளர் ஒருவர் முதுகைப் பார்த்தார், சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு என்ன மருந்துகள் எடுக்கிறார் என்று பொறுமையாகக் கேட்டார், எப்போது தொடங்கியது என்பதை இருமுறை விசாரித்தார். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரசுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்குவதே நல்லது என்பதால்தான் அந்தக் கேள்வி. 60 வயதைத் தாண்டியவர் என்பதால் ஒரு பென்ஸும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் வெளியே வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிரித்தானியச் சுகாதார சேவை சீரழிந்துவிட்டது என்று ரொறன்ரோவில் பேசுகிறவர்களிடம் நான் இனிமேல் இந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே சொல்லுவேன். அதற்கு முந்தின முக்கால் மணி நேரத்தையும் மறைக்கமாட்டேன்.

நாளொன்றுக்கு ஐந்து மாத்திரை, ஏழு நாட்கள். கோயிலில் கொடுத்த நாட்காட்டியின் ஒவ்வொரு நாள் தாளிலும் அப்பா ஐந்து கோடுகள் கீறி, விழுங்கியதும் ஒன்றைக் குறுக்கே வெட்டினார். இரவு பதினொரு மணி மாத்திரைக்காக மகள் விழித்திருந்து, "அம்மப்பா, கடைசி ஒன்று" என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த மருந்தாளர் சொன்ன இன்னொரு விடயம் எங்கள் திட்டத்தையே மாற்றியது. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, கொப்பளிப்பான் வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நெருங்கக் கூடாது என்றார். அந்த ஞாயிறு சொந்தக்காரர் எல்லாரும் வந்து சாப்பிடுவதாக இருந்தது. அண்ணாவின் மூத்த மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. சமைக்க வாங்கிய கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டன, நாங்கள் பகுதி பகுதியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அப்பா முகம் வாடியது எனக்குத் தாங்கவில்லை.

வங்கி விடயத்திலும் வருத்தமே. அவர் முப்பது ஆண்டுகளாகப் போய்வந்த கிளையை மூடிவிட்டார்கள். இப்போது தபால் கந்தோர் முகப்பில் வங்கி அட்டையைக் கொடுத்துப் பணம் எடுக்கிறார். அங்கே முகம் தெரிந்த பெண் ஒருவர் எண்ணிக் கொடுக்கிறார் என்பதில் அவருக்கு நிம்மதி. காலை ஒன்பது மணிக்குப் பின் முதியோர் பாஸைக் காட்டி இலவசமாக பஸ்ஸில் ஏறி, தபால் கந்தோர், காய்கறிக் கடை, மனர் பார்க் முருகன் கோயில் என்று ஒரு சுற்றுப் போய் வருவார். அந்தச் சுற்றுதான் அவரை நடமாட வைத்திருக்கிறது. பெற்றோர் அங்கே இருக்கும் பிள்ளைகள் விடுமுறையில் போனால், ஒரு நாளாவது அந்தச் சுற்றில் கூடவே போய் வாருங்கள். அவர்கள் தொலைபேசியில் சொல்லாத இடர்கள் அப்போதுதான் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை பொருக்குகள் எல்லாம் காய்ந்திருந்தன. அண்ணாவின் மகள் வந்தாள். அப்பா அவள் தலையில் கை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு மாத்திரைக் கோடுகள் நிறைந்த அந்த நாட்காட்டித் தாள்களை எடுத்துவந்து, ஒன்றையும் தவறவிடவில்லை என்று அவளுக்குக் காட்டினார்.