விட்டன்பெர்க் புறப்படும் முன் படித்த மூன்று நூல்கள்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் பிறந்து வளர்ந்து வாதாடி மறைந்த ஊர்களைச் சுற்றிக் காட்டும் ஜெர்மனிப் பயணம் ஒன்றுக்குக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து பதிவு செய்திருந்தோம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் பலர். என்னைப் போல வரலாற்று ஆர்வத்தால் மட்டும் சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. பயண ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய கையேட்டில் விசா, கம்பளி உடை, சைவ உணவு பற்றியெல்லாம் விரிவாக இருந்ததே தவிர, யாரைப் பார்க்கப் போகிறோமோ அவரைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் இல்லை. ஆகவே மூன்று ஆங்கில நூல்களை வரவழைத்துப் படித்துவிட்டுப் புறப்பட்டேன். ஊர்களை நேரில் பார்த்து வந்தபின், எது எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை இனிச் செல்லவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, யேல் பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ரோலண்ட் பெயின்டன் 1950இல் வெளியிட்ட ‘ஹியர் ஐ ஸ்டாண்ட்’. 1505ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்டாட்டர்ன்ஹைம் அருகே இடி மின்னலில் அகப்பட்டு, துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்ட சட்ட மாணவரிடமிருந்து தொடங்கும் இந்நூல், கதைசொல்லும் திறத்தில் மற்ற இரண்டையும் விஞ்சுகிறது. அக்காலத்து மரச்செதுக்குப் படங்களை அங்கங்கே சேர்த்திருப்பது கூடுதல் நன்மை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது, பணம் கொடுத்தால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று சொல்லித் திருச்சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டின் பின்னாலிருந்த பணக்கணக்குதான். பிராண்டன்பெர்க் ஆல்பிரெக்ட் ஏற்கெனவே மாக்டபர்கின் பேராயராக இருந்துகொண்டே மைன்ஸ் பேராயர் பதவியையும் பெற்றார். அதற்காக ரோமுக்குச் செலுத்த வேண்டிய தொகையை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வங்கியில் கடனாக வாங்கினார். சீட்டு விற்று வரும் வசூலில் பாதி புனித பேதுரு ஆலயக் கட்டுமானத்துக்கு என்றும், மறுபாதி அந்தக் கடனுக்கு என்றும் ஏற்பாடாயிற்று. சீட்டு விற்ற போதகர் டெட்சல் ஊர் ஊராகச் சென்றபோது ஃபுக்கர் வீட்டின் ஆளும் கூடவே சென்றார். பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய குடும்பத்தில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், முதலாள் என்ற படிநிலைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஆள் அங்கே எதற்காக நின்றார் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்நூலின் குறை, லூதரின்மீது ஆசிரியருக்குள்ள பரிவு. 1543இல் யூதர்களுக்கு எதிராக லூதர் எழுதிய கொடிய நூலைப் பற்றிப் பேசும்போது, அதை எழுதுவதற்கு முன்பே அவர் இறந்திருக்கலாம் என்று வருந்திவிட்டு பெயின்டன் விரைவிலேயே நகர்ந்துவிடுகிறார். பயணிக்கு அவ்வளவு போதாது. விட்டன்பெர்க்கில் லூதர் பிரசங்கித்த நகர ஆலயத்தின் வெளிச்சுவரில், யூதர்களை இழிவுபடுத்தும் இடைக்காலப் புடைப்புச் சிற்பம் இன்றும் இருக்கிறது. அதற்கு நேர்கீழே தரையில் 1988இல் ஒரு நினைவுச்சின்னம் பதித்திருக்கிறார்கள். அந்தச் சிற்பத்தை அகற்ற வேண்டும் என்ற வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2022இல் தள்ளுபடியானது. முன்கூட்டியே தெரிந்திராவிட்டால் அந்தச் சுவரைத் தலைநிமிராமலே கடந்துவிடுவோம். எங்கள் குழுவில் பலர் அப்படித்தான் கடந்தார்கள்.

இந்த இடத்தில்தான் லிண்டல் ரோப்பர் 2016இல் வெளியிட்ட ‘மார்ட்டின் லூதர்: ரெனகேட் அண்ட் பிராஃபெட்’ தேவையாகிறது. யூத வெறுப்பையும், 1525ஆம் ஆண்டு உழவர் எழுச்சியின்போது கிளர்ச்சியாளர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கும்படி லூதர் எழுதியதையும் இவர் மூடி மறைக்கவில்லை. முதல் அத்தியாயமே மான்ஸ்ஃபெல்டின் செப்புச் சுரங்கங்களைப் பற்றியது. லூதரின் தந்தை ஹான்ஸ் ஏழைச் சுரங்கத் தொழிலாளி என்ற பழைய சித்திரத்தை மாற்றி, உருக்காலை நடத்தியவர், முதல் போட்டவர், கடன் சுமந்தவர், வழக்காடியவர் என்று ஒரு தொழில்முனைவரை நம்முன் நிறுத்துகிறார். மகனைச் சட்டம் படிக்க வைத்தது ஏன், அவன் மடத்தில் சேர்ந்தபோது தந்தை அத்தனை கோபம் கொண்டது ஏன் என்பதெல்லாம் அதன்பின் தெளிவாகிறது. 1546இல் லூதர் கடைசியாக ஐஸ்லேபனுக்குச் சென்றதும் மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் தகராறைத் தீர்த்து வைக்கத்தான்; பிறந்த ஊரிலேயே, அந்த வேலையின் முடிவில்தான் இறந்தார். தந்தை மகன் உறவிலிருந்தே இறையியல் முழுவதையும் இழுத்துக் காட்டும் சில பக்கங்கள் எனக்கு ஒப்பவில்லை. நூலும் பெரிது, பயணத்தில் தூக்கிச் செல்ல ஏற்றதன்று, வீட்டிலேயே படித்து முடித்துவிட வேண்டும்.

மூன்றாவதான ஆண்ட்ரூ பெட்டிகிரீயின் ‘பிராண்ட் லூதர்’, 2015இல் வந்தது. அச்சுத்தொழிலின் வழியாக லூதரைப் பார்க்கும் இந்நூலை, சுற்றுலாவுக்கு மிகவும் பயன்பட்டதாக நான் மதிப்பிடுகிறேன். 1517இல் விட்டன்பெர்க்கில் இருந்தது சுமாரான வேலை செய்யும் ஒரே அச்சகம். லைப்சிக் நகரத்து அச்சகரான மெல்கியோர் லோட்டர் 1519இல் அங்கே கிளை திறந்தார். ஓவியர் லூகாஸ் கிரானாக் தலைப்புப் பக்கங்களுக்குச் சித்திரச் சட்டங்கள் வரைந்து கொடுத்தார். லூதரின் பெயரும் ஊரின் பெயரும் தனித்தனி வரிகளில் பெரிதாக நின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய தமிழ் நூல்களின் தலைப்புப் பக்கங்களைப் பார்த்திருப்பவர்கள், ஒரு பக்கத்தின் அமைப்பே வாசகரை எப்படி அழைக்கும் என்பதை அறிவார்கள். விட்டன்பெர்க் கோட்டை ஆலயத்தின் கதவை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது 1858இல் வைத்த வெண்கலக் கதவு. மூலக் கதவு 1760இல் போரில் எரிந்துவிட்டது. சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் எழுதிய 95 கருத்துரைகளை லூதர் அதில் ஆணியடித்தாரா என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அதே தெருவில் உள்ள கிரானாக் முற்றத்தின் பழைய முறை அச்சகத்தில் நின்று, 1518இல் ஜெர்மன் மொழியில் எட்டே பக்கத்தில் வெளிவந்த லூதரின் சிற்றேடு எப்படி ஊர் ஊராக மறு அச்சானது என்று நினைத்துப் பார்த்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது. லூதர் ஒளிந்திருந்த வார்ட்புர்க் கோட்டையைப் பற்றி மூன்று நூல்களுமே போதுமான அளவு சொல்கின்றன. புதிய ஏற்பாட்டைச் சுமார் 11 வாரத்தில் மொழிபெயர்த்த அறையில், காலடிப் பலகையாக ஒரு திமிங்கில முதுகெலும்புத் துண்டு கிடப்பதைத் தவறவிடாதீர்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் பெட்டிகிரீயையும், ரோப்பரின் முதல் அத்தியாயத்தையும் படித்தால் போதும். விசுவாசத்தோடு செல்பவர்களுக்கு பெயின்டன் நிறைவு தரும். ஆனால் தமிழர்களுக்கு முக்கியமான ஹாலே நகரத்தின் பிற்காலத்தைச் சொல்வது இவற்றின் வேலையன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர் அது. அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இறந்த லூதரின் முகத்தில் வார்த்தெடுத்த அச்சு அங்குள்ள சந்தை ஆலயத்தில் இருக்கிறது. சீட்டு விற்ற ஆல்பிரெக்ட் பேராயரின் அரண்மனையும் அதே ஊரில்தான் இருந்தது. பயணத் திட்டத்தில் ஹாலே சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மதிய உணவுக்கு மட்டும் வண்டியை நிறுத்துவதாகச் சொன்னால், ஒரு முழு நாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.