தொழில்முனைவோர் வகுப்பு: சனிக்கிழமை பலே, ஞாயிறு வீண்

திருப்பூரில் ஒரு தனியார் பயிற்சி மையம் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு நடத்தும் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் 2,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. குறையும் கொஞ்சம் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

நான் எம்பிராய்டரி ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தையல் வேலை, எடுத்துச் செய்பவன். இரண்டு கம்ப்யூட்டர் மெஷின், ஆபரேட்டர்கள், பிசிறு வெட்டும் பெண்கள், அவ்வளவுதான் பட்டறை. இதுவரை ப்ரொப்ரைட்டராக, அதாவது தனி உரிமையாளராக, என் பெயரிலேயே ஓடுகிறது. இப்போது மச்சினன், "மூணாவது மெஷினுக்கு நான் பணம் போடறேன் மாமா, என்னையும் சேர்த்துக்கங்க" என்கிறான். பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்), பிரைவேட் லிமிடெட் கம்பெனியா? இந்தக் கேள்வியோடுதான் போனேன்.

சனிக்கிழமை பாடம் எடுத்தவர் ஒரு பெண் ஆடிட்டர். ஸ்லைடு எதுவும் போடவில்லை. போர்டில் ஒரே வரி எழுதினார்: "தொழில் படுத்தால் யார் வீடு போகும்?" மதியம் வரைக்கும் பேச்சு அந்த வரியை விட்டு நகரவில்லை. ப்ரொப்ரைட்டர் என்றால் சட்டத்தின் கண்ணில் ஆளும் தொழிலும் ஒன்றுதான். கடன்காரன் நேராக உங்கள் சொத்துக்கு வரலாம். பார்ட்னர்ஷிப்பிலும் அதே கதைதான், கூடவே இன்னொருவர் தொழிலுக்காக வாங்கிய கடனும் உங்கள் தலையில் வந்து விழும். "யாரு கையெழுத்துப் போட்டு நூல் வாங்கினாலும், முழுக் கடனுக்கும் ரெண்டு பேருமே பொறுப்புங்க" என்றார்.

அப்புறம் கூட்டாளிகள் எழுதிக்கொள்ளும் பார்ட்னர்ஷிப் பத்திரத்துக்கு வந்தார். வகுப்பின் சிறந்த பகுதி இதுதான். 1932ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் லாபம் சரிபாதி. ஒருவர் எட்டு லட்சம் போட்டிருந்தாலும், மற்றவர் இரண்டு லட்சம் போட்டிருந்தாலும் பிரிப்பு அப்படித்தான். நாள் முழுக்கப் பட்டறையில் நிற்பவர் தனியாகச் சம்பளம் கேட்கவும் முடியாது, அதையும் எழுதியிருக்க வேண்டும். இரண்டே பேர் இருந்து ஒருவர் இறந்துவிட்டால் ஃபர்மும், அதாவது அந்தக் கூட்டு நிறுவனமும், அத்தோடு முடிந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத ஃபர்ம், பாக்கி வைத்த பார்ட்டி மேல் வழக்குப் போட முடியாது. பில் மாசக்கணக்கில் தொங்கும் நம் ஊரில் இதைத் தெரியாமல் கூட்டுச் சேர்வது ஆபத்து. 2025 ஏப்ரலிலிருந்து கூட்டாளிக்கு ஃபர்ம் தரும் சம்பளமும் வட்டியும் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

எல்எல்பியில் பொதுவாக நீங்கள் போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடும். பதிலுக்கு வருடா வருடம் மே 30க்குள் ஒன்று, அக்டோபர் 30க்குள் ஒன்று என இரண்டு படிவம் போட வேண்டும், ஒரு பீஸ்கூட ஓட்டாத வருடத்திலும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதல் 25 லட்சத்தையோ தாண்டாத வரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் வேண்டாம். பிரைவேட் லிமிடெட் என்றால் விற்பனையே இல்லாவிட்டாலும் ஆடிட் உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு, "மெஷின் லோனுக்கு பேங்க்ல பெரும்பாலும் சொந்த ஜாமீன் கேட்பாங்க. அப்ப இந்தப் பாதுகாப்பெல்லாம் நூல் கடைக்காரர்கிட்ட இருந்துதான்" என்று சிரித்தார். கம்பெனி ஆரம்பித்தால் வீடு தப்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த பல முகங்கள் வாடின.

கையில் கொடுத்த புத்தகம்தான் பழசு. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் மூலதனம் வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த விதியை 2015லேயே எடுத்துவிட்டார்கள். குறுந்தொழிலுக்கு வரம்பு ஒரு கோடி முதலீடு, ஐந்து கோடி விற்றுமுதல் என்று இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அது இரண்டரைக் கோடி, பத்துக் கோடி. "அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதிக்குங்க" என்று ஆடிட்டரே திருத்த வைத்தார். காசு வாங்குகிறவர்கள் புது அச்சுப் போடக் கூடாதா?

சாப்பாடு சுமார். ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

சாப்பிட்டு வந்தால் வாசலில் ஒரு மேஜை. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழை 1,500 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறார்களாம். உத்யம் பதிவு 2020 ஜூலையில் தொடங்கிய நாளிலிருந்தே இலவசம். ஆதார், பான், போனுக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும், எந்தக் காகிதமும் ஏற்ற வேண்டியதில்லை. நான் என் பட்டறைக்கு வீட்டில் உட்கார்ந்தே போட்டேன். முகவரி அரசுத் தளத்துடையதுதானா என்று மட்டும் பாருங்கள், அதே மாதிரி முகப்போடு காசு கேட்கும் தளங்கள் நிறைய. அந்தச் சான்றிதழ் இருந்தால் வேலை வாங்கிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், தாமதித்தால் வட்டி. ஒரு மணி நேரம் பேச வேண்டிய இந்த விஷயத்துக்கு வகுப்பில் இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைப்பு, "ஆட்களை ஊக்கப்படுத்துவது எப்படி". காதில் மைக் மாட்டிய ஒருவர் வந்தார். கை தட்டச் சொன்னார், பலூன் ஊதச் சொன்னார். மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943இல் சொன்ன மனிதத் தேவைகளை முக்கோணமாக வரைந்து காட்டினார். நம் ஊர் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம், பக்கத்துத் தெரு யூனிட் அட்வான்ஸ் கொடுத்து ஆளை இழுப்பது, எதையும் தொடவில்லை. பீஸ் ரேட்டில் இருப்பவனை எப்படி மோட்டிவேட் பண்ணுவது என்று எழுந்து கேட்டேன். "பாசிட்டிவா பேசுங்க சார்" என்றார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், சரக்கு அவர் ஸ்லைடிலேயே இருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் வெளியிட்ட முடிவு: சம்பளமும் வேலை இடமும் சரியில்லாவிட்டால் ஆள் வெறுத்துப்போவான். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே உற்சாகம் வந்துவிடாது. அதற்கு வேலையில் பொறுப்பும் மதிப்பும் வேண்டும். என் பட்டறையில் நான் பார்ப்பதும் இதுதான். என் பழைய ஆபரேட்டர் ஒருவரைப் பஞ்சிங் போடுகிறவர் (டிசைனை மெஷினுக்கான தையலாகக் கம்ப்யூட்டரில் மாற்றுபவர்) பக்கத்தில் உட்கார வைத்தேன். எந்த இடத்தில் தையல் நெருக்கமாக விழுந்து நூல் அறுகிறது என்று அவரே காட்டி மாற்ற வைத்தார். இப்போது புது டிசைன் வந்தால் முதல் சாம்பிளை அவர்தான் ஓட்டுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். கூலி அதேதான். சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போனால் மட்டும் அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஹெர்ஸ்பெர்க் ஸ்லைடு வந்த வேகத்தில் போய்விட்டது. அடுத்தது மறுபடி பலூன்.

சனிக்கிழமைக்கு ஐந்துக்கு நாலரை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. மச்சினனும் நானும் இப்போதைக்கு பார்ட்னர்ஷிப் என்று முடிவு செய்திருக்கிறோம். லாபப் பங்கு, என் சம்பளம், யார் விலகினால் என்ன கணக்கு என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதி, ஃபர்மையும் பதிவு செய்துவிடுவோம். நூல் கடைக் கடன் பெரிதானால் எல்எல்பிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார். சேர நினைப்பவர்கள் சனிக்கிழமைக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். என்னோடு வந்த ஒருவர் அப்படிக் கேட்டு 1,400 ரூபாயில் முடித்துக்கொண்டார்.