உளுந்துக் குழுவில் ஆறு பட்டம்: என் அனுபவம்

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம், அதாவது 4 ஏக்கர். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்து தெளிக்கும் வழக்கம் என் மாமியார் காலத்திலிருந்தே இருக்கிறது. தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். காய்த்தால் பறிப்போம், காய்க்காவிட்டால் மாட்டை அவிழ்த்து விடுவோம். அதை யாரும் வெள்ளாமை என்று நினைத்ததே இல்லை.

2019 கார்த்திகையில் ஊரில் உளுந்து, பயறு போடுகிறவர்கள் இருபது பேர் சேர்ந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது என்று ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை என்பதால் நான் போனேன். அன்றைக்கு அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். ஆறு பட்டம், அதாவது ஆறு சாகுபடிப் பருவம், முடிந்துவிட்டது. இப்படி ஒரு குழுவில் சேரலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. 1960களில் திருச்சி வானொலி சொன்னதைக் கேட்டு, நாலு பேர் கூடிப் பேசி, ஆடுதுறை 27 நெல்லைப் போட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. நெல்லுக்கு அப்படிக் கூடிப் பேசிய ஊரில், உளுந்துக்காக யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

குழுவால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் விதையோ மருந்தோ இல்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் உளுந்து தெளித்ததுதான். கேட்க மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் நெல் தரிசு உளுந்தின், அதாவது நெல் அறுத்த வயலில் வரும் உளுந்தின், பாதிக் கஷ்டம் அதில்தான் தீர்கிறது. அறுப்பு முடிந்ததும் ஊர் மாடெல்லாம் வயலில் இறங்கும். அப்புறம் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். நடுவில் நான் மட்டும் உளுந்து போட்டிருந்தால் யாரோடு சண்டை போடுவது? 2020 தையில் எங்கள் வாய்க்கால் பாசனத்து வயல் மொத்தமும் ஒரே வாரத்தில் தெளித்தோம். அந்தப் பக்கம் மாடு வரக்கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. கல்யாணமாகி வந்த பிறகு நான் மேய்ச்சல் இல்லாமல் பறித்த முதல் உளுந்து அதுதான்.

அறுவடை இயந்திரமும் இதோடு சேர்ந்த விஷயம். கையால் அறுத்த காலத்தில் அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளிப்போம். இப்போது வண்டி இறங்குவதால் முளைத்த பயிர் நசுங்குகிறது. இரண்டு வருடம் ஆளுக்கு ஒரு விதமாகப் போட்டுப் பார்த்தோம். டயர் வண்டி வேண்டாம், சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான். அறுப்புக்கு இரண்டு நாள் முன்னால் தெளிப்பு. வண்டி போன மறுநாளே வைக்கோலைக் கலைத்துவிட வேண்டும். எங்கள் களிமண்ணுக்கு இது சரியாக வருகிறது. மணல் கலந்த நிலத்துக்காரர்கள் அவரவர் வயலில் ஒரு மாவில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ரகத்திலும் அப்படித்தான் செய்தோம். ஆடுதுறை 3தான் எங்களுக்குப் பழக்கம். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வந்தால் அது தாங்கவில்லை. அதைத் தாங்கும் என்று சொன்ன வம்பன் 8 ரகத்தை முதல் வருடம் ஆளுக்கு ஒரு மா மட்டும் போட்டோம். பதினைந்து வயலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் நேரில் பார்த்த பிறகு, யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிஏபி உரக் கரைசல் இன்னொன்று. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் மாலையில் அடிக்க வேண்டும். இதை நான் காகிதத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் கலக்கியதை அப்படியே தெளிப்பானில் ஊற்றி, முனை அடைத்துக்கொண்டு, வெறுத்துப்போய் விட்டவள் நான். எங்கள் பெரியவர் ஒருவர் வேட்டித்துணியால் இறுத்துக் காட்டினார். "அவசரப்படாதேம்மா, அடியில் தங்கின மண்டியை எருக்குழியில் கொட்டு" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழையில் நெல்லும் போய், உளுந்து தெளிக்கவும் வழியில்லாமல் போனது. குழு இருந்து என்ன செய்ய முடியும்? 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் மழை. தப்பிய பயிர் மஞ்சளாகிவிட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் படம் போட, யாரோ 'தேமல்' என்று சொல்ல, ஏழெட்டுப் பேர் வெள்ளை ஈக்கு மருந்து அடித்துவிட்டோம். தண்ணீர் தேங்கியதால் வந்த மஞ்சள் அது. வடித்த வயல்கள் தானாகவே பச்சை கட்டின. எனக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய் நஷ்டம். படத்தைப் பார்த்து மருந்து சொல்லக்கூடாது, செடியை வேரோடு பிடுங்கித் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதன் பிறகு கட்டுப்பாடு வைத்தோம்.

2022இல் ஒரு கடையில் மொத்தமாக வாங்கிய விதை பாதிகூட முளைக்கவில்லை. அதிலிருந்து நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, 75க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையைத் தொடுவதில்லை.

பணக் கணக்கு: 2025இல் எனக்கு ஏக்கருக்கு 270 கிலோ வந்தது. விதை, விதை நேர்த்தி, டிஏபி, மருந்து, பறிப்புக் கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 7,200 ரூபாய் செலவு. அந்தப் பருவத்துக்கு அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். குழுவாகச் சேர்ந்து, தார்ப்பாயில் நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரே வண்டியில் ஏற்றினோம். முன்பெல்லாம் வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை, அவர் போட்டதுதான் எடை.

ஆனால் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்குக் குழு இன்னும் உதவவில்லை. கொள்முதலுக்கு சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுகளைக் கேட்கிறார்கள். நிலத்துக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். எங்கள் இருபது பேரில் ஆறு பேர் இன்றைக்கும் வாசல் வியாபாரியிடம்தான் விற்கிறார்கள். இதைப் பேசாத கூட்டமில்லை, தீர்வுதான் வரவில்லை.

பெண்களைச் சேர்க்க மூன்று வருடம் ஆனது. காய் பறிப்பது முழுக்க நாங்கள்தான். ஆனால் எப்போது பறிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. சாயங்காலக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாற்றிய பிறகு ஏழு பெண்கள் வருகிறார்கள். செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்து, தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும் வேர் முடிச்சை மண்ணிலேயே விடலாம் என்று முதலில் சொன்னது பறிப்புக்கு வரும் ஓர் அக்காதான். வெயிலில் குனிந்து பிடுங்குகிறவருக்குத்தான் அந்த வேரில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று தெரியும்.

சேரலாமா என்றால், சேருங்கள். பக்கத்து வயல்காரர் வருகிற குழுவாகப் பாருங்கள். இருபது மைல் தள்ளி இருக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உங்கள் வாய்க்காலில் எப்போது ஈரம் வற்றும் என்று அவருக்குத் தெரியாது.

வருகிற மார்கழிக் கூட்டத்துக்குக் கீதாரிகளையும் கூப்பிட்டிருக்கிறோம். உளுந்து பறித்து முடித்த வயலில் எந்தத் தேதியிலிருந்து ஆட்டை அடைத்துக் கிடை போடலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.