பனியன் கம்பெனியில் நாலு வருஷ ரிமோட்ஆப்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் அவிநாசி ரோட்டில், தையல் யூனிட் பெருந்துறையில், குடோன் பல்லடத்தில். கணக்கு மென்பொருளை ஒரே விண்டோஸ் சர்வர் 2019-இல் போட்டு, ரிமோட்ஆப் என்ற விண்டோஸ் வசதி வழியாக அந்த ஒரு மென்பொருளின் ஜன்னலை மட்டும் மூன்று இடத்துக்கும் திறந்துவிட்டு நாலு வருஷம் ஆகிறது. முழு டெஸ்க்டாப்பைக் கொடுத்திருந்தால் சர்வரிலேயே பாட்டு இறக்கி வைத்திருப்பார்கள்.

முதல் அடி என் தப்பு. ரிமோட் இணைப்புக்கான உரிமங்களைத் தரும் லைசென்ஸ் சர்வர் வைக்காமலே 120 நாள் ஓடும் என்பதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கெடு முடிந்தது ஒரு சனிக்கிழமை, சம்பள நாள். பெருந்துறையில் ஒருவராலும் நுழைய முடியவில்லை. நான் மட்டும் விண்டோஸின் ரிமோட் இணைப்பு நிரலான எம்எஸ்டிஎஸ்சி-யை, நிர்வாகியாக நுழைய விடும் அட்மின் சுவிட்ச் போட்டுத் திறந்து, பட்டியலை அச்சடித்து பைக்கில் அனுப்பினேன்.

அடுத்தது கணக்கு அக்காவின் போன். "ஏனுங் தம்பி, நாலு தடவை மூடித் தொறந்துட்டேனுங்க, நீங்க சொன்ன புது டிரைவ் வரவே இல்லீங்க." ஜன்னலை மூடினால் செஷன், அதாவது சர்வரில் அவருக்காக ஓடும் அமர்வு, துண்டிக்கப்படுமே தவிர லாக்ஆஃப் ஆகாது. திரும்பத் திறந்தால் பழைய செஷனே வரும். உள்ளே நுழையும்போது டிரைவை இணைக்கும் லாகின் ஸ்கிரிப்ட் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. விண்டோஸின் நிர்வாக அமைப்பான குரூப் பாலிசியில், மூடிய ரிமோட்ஆப் செஷனை லாக்ஆஃப் செய்யும் நேரத்தை ஒரு நிமிடமாக வைத்தேன். சரியாகிவிட்டது. அந்த ஒரு நிமிடக் கெடு ஜன்னலை மூடினால்தான்; கரண்ட் போய்த் துண்டித்தால் செஷன் தங்கும், அது வரம்: பாதி அடித்த பில் சர்வரில் அப்படியே இருக்கும்.

நிஜமான தலைவலி டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான். சாயப்பட்டறைக்குப் போகும் சலான் மூன்று காப்பி, கார்பன் தாள், அதனால் லேசர் ஆகாது. ஒரு சலான் வெளியே வருவதற்குள் வண்டி ஓட்டுபவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். ரிமோட் வழியாக எந்த பிரின்டருக்கும் பொதுவாக வேலை செய்யும் விண்டோஸின் ஈஸி பிரின்ட் டிரைவர் எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக்கி அனுப்புகிறது. ஊசித் தலை வரி வரியாகப் படம் வரைகிறது. சர்வரில் அந்த பிரின்டரின் சொந்த டிரைவரை, குடோன் கம்ப்யூட்டரில் உள்ள அதே பெயரில் ஏற்றி, ஈஸி பிரின்டை முதலில் எடுக்கும் பாலிசியை அணைத்தேன். பழைய வேகம் வந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி படம்தான். கண்ட டிரைவரையும் ஏற்றினால் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் விழுந்து மூன்று ஊரிலும் அச்சு நிற்கும், அதனால் இரண்டு மாடலோடு நிறுத்திக்கொண்டேன்.

புது பிரின்டர் வாங்கும் முன் என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன மாசம் குடோனில் கேட்காமலே ஒன்று வாங்கி வைத்துவிட்டார்கள்.